இரண்டு மேடுகள் போதாது: சுங்கை சிப்புட்டில் திருத்தப்பட்ட ஒரு மேக்னான் கணக்கு

பின்னணி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த தோட்டத்து ஊர். அதன் பெரிய கடைத்தெருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், வார இறுதிகளில் சிறு அறிவியல் படிப்புக் குழு ஒன்று கூடுகிறது. வருபவர்களில் பெரும்பாலோர் படிவம் ஆறு மாணவர்கள். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் குழுவை நடத்துகிறார். செம்பனை ஆலையில் மின்பணி பார்க்கும் ஒருவர் கருவி வேலைகளுக்குத் துணை நிற்கிறார். இந்த ஆய்வு அக்குழுவில் வளர்ந்த முதுகலை மாணவி ஒருவரின் கணக்கைப் பற்றியது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த அவர், பல்கலைக்கழக விடுமுறைகளில் ஊருக்கு வந்து இந்த மாடியில்தான் கணினி வேலையைச் செய்வார்.

அவருடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள காந்தக் கோளத்தை, ஒளியை மட்டும் கொண்டு, ஒரே வேளையில் இரு நிலைகளில் வைக்க முடியுமா? 1935-இல் ஷ்ரோடிங்கர் பூனையை வைத்துச் சொன்ன உவமையால் இத்தகைய நிலைகளுக்குப் பூனை நிலை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பொருள் இட்ரியம் இரும்புக் கார்னெட், சுருக்கமாக யிக். இந்தக் காந்தம் மின்சாரத்தைக் கடத்தாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறையவே உறிஞ்சும். 1,550 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு ஏறத்தாழக் கண்ணாடிபோல் வழிவிடும். ஒரு மில்லிமீட்டர் கோளத்துக்குள் 10-இன் 18-ஆம் அடுக்கு என்ற அளவில் சுழல்கள், அதாவது அணு அளவிலான சிறு காந்தங்கள், உள்ளன. வெளிக்காந்தப்புலம் அவற்றை ஒரே திசையில் நிறுத்துகிறது. எல்லாம் சேர்ந்து ஒன்றுபோலத் தள்ளாடும்போது அந்தத் தள்ளாட்டத்தின் மிகச் சிறு அலகு ஒரு மேக்னான். புலம் 0.357 டெஸ்லா என்றால் தள்ளாட்டம் 10 கிகாஹெர்ட்ஸ்.

ஒளி இந்தத் தள்ளாட்டத்தைத் தொடும் வழி பழையது. காந்தப்புலத்திலுள்ள கண்ணாடி வழியாகச் செல்லும் ஒளியின் முனைவாக்கத் தளம், அதாவது ஒளி அதிரும் திசை, திரும்புவதை ஃபாரடே 1845-இல் கண்டார். அந்த விளைவின் குவாண்டம் வடிவில், உள்ளே செலுத்தும் லேசரின் ஒரு போட்டான் (ஒளித்துகள்) ஒரு மேக்னானை விழுங்கி, 10 கிகாஹெர்ட்ஸ் கூடுதல் அதிர்வெண்ணோடும் செங்குத்தான முனைவாக்கத்தோடும் வெளிவருகிறது. அப்படி ஒரு போட்டான் உணரியில் விழுந்தால், கோளத்தில் ஒரு மேக்னான் குறைந்தது என்று பொருள். இதை அறிவிப்பு என்பார்கள்.

மாணவியின் திட்டம் மூன்று படி கொண்டது. முதலில் மேக்னான்களை நெருக்கப்பட்ட வெற்றுநிலையில் வைப்பது: இதில் தள்ளாட்டத்தின் ஒரு திசை அலைவு சுருங்கி மற்றது விரியும், மேக்னான் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும். அடுத்து 100 நானோ நொடி லேசர் துடிப்பு. கடைசியாக அறிவிப்பு கிடைத்த தடவைகளை மட்டும் எடுத்துக்கொள்வது. இரட்டைப்படையிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒற்றைப்படை. அந்த நிலை ஒற்றைப் பூனை நிலைக்கு மிக அருகில் நிற்கும். பூனையின் அளவு, அதாவது ஆல்ஃபா, 1 என்றால் 2.7 டெசிபெல் நெருக்கல் போதும், பூனை நிலையோடு பொருத்தம் 0.997 (முழுப் பொருத்தம் 1). ஆல்ஃபா 2 என்றால் 7.4 டெசிபெல் வேண்டும். அப்போதும் பொருத்தம் 0.88-ஐத் தாண்டாது.

முதல் வரைவில் இருந்தது

வரைவு அத்தியாயத்தின் முடிவு: "ஆல்ஃபா 2 அளவுள்ள பூனை நிலை உருவாகி, 200 நானோ நொடிக்குப் பிறகும் நிலைக்கிறது." ஆதாரமாக ஒரு வரைபடம். தள்ளாட்டத்தின் ஒரு திசை அளவைக் கிடையச்சில் வைத்தால், இடமும் வலமும் இரண்டு மேடுகள், நடுவே பள்ளம். 200 நானோ நொடியில் மேடுகள் நெருங்கி வந்திருந்தாலும் பள்ளம் தெளிவாகவே தெரிந்தது.

கணக்கின் அமைப்பு இப்படி: ஒளிக்கு 12 நிலைகள் (0 முதல் 11 போட்டான் வரை), மேக்னானுக்கு அதேபோல் 12 நிலைகள், பெருக்கினால் மொத்தம் 144. வெப்பநிலை சுழி கெல்வின். மேக்னான் அலைவு அகலம் 1 மெகாஹெர்ட்ஸ், ஆகவே ஆயுள் 159 நானோ நொடி. உணரிக்குப் போகும் வழியில் பாதி ஒளி வீணாகிறது என்று எடுத்துக்கொண்டு, அதே பாதியை மேக்னான் நிலையின் தரத்திலும் ஒருமுறை கழித்திருந்தார். உள்ளே செலுத்தும் லேசர் ஒளி, முனைவாக்கம் செங்குத்து என்பதால், உணரிக்கு முன்பே முழுமையாகத் தடுக்கப்படுவதாகக் கொள்ளப்பட்டது.

என்ன கவனிக்கப்பட்டது

வரைவைப் படித்த ஆசிரியர் கணினி நிரலைத் திறக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"கோளம் இப்படியோ அப்படியோ ஏதோ ஒன்றில் இருக்கு, எதுன்னு நமக்குத் தெரியலை. அந்தக் கலவைக்கு இந்தப் படம் எப்படிம்மா இருக்கும்?"

"இதே மாதிரிதான் சார் இருக்கும். ரெண்டு மேடு."

"அப்ப வேற எதுல வித்தியாசம் தெரியும்னு போட்டுக் காட்டு."

இந்த நிகழ்வு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்தே கிளைத்தது. காசு பூவா தலையா என்று தெரியாமல் மூடிய கைக்குள் இருப்பதற்கும், பூவும் தலையும் ஒன்றோடொன்று குறுக்கிடும் நிலையில் இருப்பதற்கும் மேடுகள் ஒன்றுபோலத்தான் வரும். பிரித்துக் காட்டுவது குறுக்கீடு மட்டுமே. அதை ஒற்றை எண்ணில் பிடிக்க எளிய வழி உண்டு: மேக்னான் எண்ணிக்கை இரட்டைப்படையாகும் தடவைக்கு +1, ஒற்றைப்படையாகும் தடவைக்கு −1 போட்டுச் சராசரி எடுப்பது. தூய ஒற்றைப் பூனைக்கு விடை −1. ஆல்ஃபா 2 அளவில் வெறும் கலவைக்கு விடை 0.0003, நடைமுறையில் சுழி. இந்தச் சராசரி, குவாண்டம் நிலையை வரைபடமாகக் காட்டும் விக்னர் சார்பின் நடுப்புள்ளி மதிப்போடு நேர்விகிதத்தில் நிற்பதால், அது எதிர்மறையாக இருக்கும்வரை குவாண்டம் குறுக்கீடு உயிரோடு இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

அதே நிரலில் ஒரே வரி கூட்டி இதைப் போட்டபோது வந்த எண்கள், 7.4 டெசிபெல் நெருக்கலுக்கு: தொடக்கத்தில் −1. மேக்னான்களில் பத்தில் ஒன்று கரையும் 17-ஆம் நானோ நொடியில் −0.52. 50-இல் −0.20. 110-இல் சுழி. 200-இல் +0.19. மேடுகளோ 200-இலும் அப்படியே இருந்தன. பள்ளத்தின் அடி, மேட்டு உயரத்தில் பாதி. பூனை போய் 90 நானோ நொடி கழிந்தும் படம் மாறவில்லை.

110 என்ற எண் தற்செயலல்ல. ஒற்றைப்படை எண்ணிக்கை மட்டுமே கொண்ட எந்த நிலையும், பூனை பெரிதோ சிறிதோ, சரியாகப் பாதி இழப்பில் இந்தச் சோதனையில் சுழியைத் தொடும். 159 நானோ நொடி ஆயுளில் பாதி கரைய 110 ஆகிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி அளவுக்கேற்ப மாறும். 10 விழுக்காடு இழப்பில் ஆல்ஃபா 1 பூனை −0.76-இல் நிற்கும், ஆல்ஃபா 2, தூய பூனையாகவே இருந்தாலும், −0.45-க்கு வந்துவிடும், ஆல்ஃபா 3 வெறும் −0.17. கோளத்திலிருந்து தப்பும் ஒவ்வொரு மேக்னானும் ஒற்றையை இரட்டையாக்கிவிட்டுப் போகிறது. பெரிய பூனையிடம் தப்ப அதிக மேக்னான்கள் இருக்கின்றன.

முதல் திருத்தங்கள்

அன்றே இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, மேட்டுப் படத்தை ஆதாரம் என்ற இடத்திலிருந்து எடுத்துவிட்டு ஒற்றை-இரட்டைச் சராசரியை அங்கே வைப்பது. இரண்டு, ஆல்ஃபா 2-ஐக் கைவிட்டு ஆல்ஃபா 1-க்கு இறங்குவது. பின்னதற்கு மாணவி உடனே இசையவில்லை. பெரும்பரும மேற்பொருந்தல் என்று தலைப்பு வைத்துவிட்டு அளவைக் குறைப்பதா என்பது அவர் தயக்கம். நியாயமான தயக்கம்தான். ஆனால் பெரும்பருமம் என்ற சொல் இங்கே இரண்டு பொருளில் வருகிறது. பங்கேற்கும் சுழல்களின் எண்ணிக்கை மிகப் பெரியது, அது ஆல்ஃபா 1-க்கும் அப்படியேதான். பூனையின் இரு கிளைகளுக்கும் உள்ள வேறுபாடோ இரண்டு அளவிலும் ஒரு சில மேக்னான்கள்தான். ஆய்வேட்டில் இதை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று முடிவானது.

நிலைகளின் எண்ணிக்கையும் தவறாக இருந்தது. 7.4 டெசிபெல் நெருக்கலில் 12 நிலைகளுக்கு அப்பால் ஏறக்குறைய 3 விழுக்காடு எடை கிடக்கிறது. கணக்கு அதை வெட்டி எறிந்திருந்தது. நெருக்கலையே இந்த 12 நிலைகளுக்குள் கணக்கிட்டால் பிழை இன்னும் கூடும். ஒளிக்கோ 12 நிலை வீண். துடிப்பில் ஒன்றுக்கு மேல் போட்டான் சிதறுவதே அரிது. ஒளிக்கு 4, மேக்னானுக்கு 40 என்று மாற்றினார்கள். மொத்தம் 160. முன்பிருந்த 144-க்கும் இதற்கும் மடிக்கணினிக்குப் பெரிய வேறுபாடில்லை. பிறகு 40-ஐ 50 ஆக்கிப் பார்த்து, நான்காம் தசமம் வரை விடை அசையவில்லை என்று உறுதிசெய்த பின்னரே மேலே போனார்கள்.

இழப்புகளை வைத்த இடம் மூன்றாவது பிழை. உணரிக்குப் போகும் வழியில் ஒளி வீணானால் அறிவிப்பு குறைவாகக் கிடைக்கும். உணரி ஒளி இல்லாமலே தரும் பொய் அறிவிப்புகளை ஒதுக்கிவிட்டால், கிடைத்த அறிவிப்பின் தரம் கெடாது. மேக்னான் கோளத்துக்குள்ளேயே கரைந்தால்தான் நிலை கெடும். வரைவு இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தது. இந்த வேறுபாடு கையில் வந்தபின் கணக்கே வேறு வடிவம் எடுத்தது: ஒளிப்பாதையில் எத்தனை வடிகட்டி வேண்டுமானாலும் வைக்கலாம், விலை காத்திருக்கும் நேரம் மட்டுமே.

லேசர் முழுமையாகத் தடுக்கப்படுகிறதா

எஞ்சியிருந்தது லேசர் தடுப்பைப் பற்றிய எடுகோள். ஒரு மில்லிவாட் ஒளி 100 நானோ நொடியில் கொண்டுவருவது ஏறத்தாழ 78 கோடிப் போட்டான்கள். நமக்கு வேண்டியது அவற்றுக்கு நடுவே வரும் ஒற்றைப் போட்டான். நிறத்தில் அது 0.08 நானோமீட்டர்தான் வேறுபடுகிறது. கசிவு ஒரு துடிப்புக்கு ஒரு லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்க வேண்டுமானால் தடுப்பு 139 டெசிபெல் வேண்டும். முனைவாக்கி ஒன்று இதில் எவ்வளவு தரும்? மாணவி புத்தக எண்ணை எடுக்க இருந்தார். மின்பணியாளர் அளந்தே பார்த்துவிடலாம் என்றார். இருப்பது சிவப்பு லேசரும் சாதாரணக் கண்ணாடியும்தான், யிக் அல்ல. ஆனாலும் எந்த வகையில் ஏமாறுவோம் என்பது அதிலும் தெரியும்.

மேசையில் வைத்தவை: 5 மில்லிவாட்டுக்கு உட்பட்ட 650 நானோமீட்டர் லேசர், இரண்டு படல முனைவாக்கிகள், 8 சென்டிமீட்டர் ஈயக் கண்ணாடித் தண்டு, 9 வோல்ட் மின்கலத்தோடும் 4.7 கிலோ ஓம் மின்தடையோடும் ஒளி டையோடு. டையோடின் மின்னழுத்தம் மடிக்கணினியின் ஒலி உள்ளீட்டுக்குப் போகும். சராசரி ஒளியைப் பல்மீட்டரில் படிப்பார்கள். ஒலிவாங்கித் துளையில் செருகினால் உடனே உச்சத்தில் முட்டி நிற்கும். லைன் உள்ளீடு உள்ள வெளி ஒலி அட்டை வேண்டும். லேசரைப் பத்து நிமிடம் எரியவிட்டே அளக்கத் தொடங்கினார்கள், அதற்கு முன் அதன் ஒளி அளவு தாவிக்கொண்டிருக்கும். கண் மட்டத்துக்குக் கீழே, இருபுறமும் கறுப்பு அட்டை வைத்து.

முனைவாக்கிகளைக் குறுக்காக வைத்து, லேசரை மூடியபோது வரும் அளவைக் கழித்தபின் கிடைத்த விகிதம் 1:900, அதாவது 29.5 டெசிபெல். இடையில் கண்ணாடித் தண்டை வைத்ததும் 1:200. தண்டு சுத்தமாகவே இருந்தது. அதைப் பிடித்திருந்த உலோகக் கவ்வி இறுக்கிய இடத்தில் கண்ணாடிக்குள் தகைவு உண்டாகி, முனைவாக்கத்தைச் சிறிது நீள்வட்டமாக்கியிருந்தது. கவ்வியைத் தளர்த்தி ரப்பர் வளையத்தில் தண்டை உட்கார வைத்தபோது விகிதம் 1:600 வரை ஏறியது. குளிர்கலனுக்குள் ஒட்டிவைக்கும் யிக் கோளத்துக்கும் இதே தகைவு உண்டு, ஒட்டும் பசையும் கோளமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆகவே கணக்கில் முனைவாக்கத்துக்கு 23 டெசிபெல் மட்டுமே கொடுக்க முடிவெடுத்தார்கள், அளந்ததில் மோசமான எண்ணை. நல்ல முடிவு.

சுருளில் வந்த போலிக் குறி

அடுத்த வாரம் ஃபாரடே திருப்பத்தையே அளக்க முயன்றார்கள். 0.6 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1,000 சுற்று, ஆறு அடுக்காக. மின்தடை சுமார் 6 ஓம். உச்ச மின்னோட்டம் 1 ஆம்பியர் என்றால் நடுவில் சுமார் 12 மில்லிடெஸ்லா. இரண்டாம் முனைவாக்கியை 45 டிகிரியில் நிறுத்தினால், தண்டின் ஒரு டிகிரிக்குச் சற்று மேற்பட்ட திருப்பம் ஒளியில் 4 விழுக்காடு ஏற்ற இறக்கமாகத் தெரிய வேண்டும்.

முதலில் சுருளைச் சுவர் மின்சாரத்திலிருந்து இறக்குமாற்றி வழியாக 50 ஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். வந்தது 9 விழுக்காடு. எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கு மேல். அறையில் இருந்த மாணவர்களுக்கு மகிழ்ச்சி. மின்பணியாளர் தண்டுக்கும் டையோடுக்கும் நடுவே ஓர் அட்டையை நீட்டினார். ஒளி நின்றது, ஒலி அட்டையின் குறி மறையவில்லை, பாதிக்கு மேல் அப்படியே நின்றது. சுருளின் காந்தப்புலம் டையோடின் கம்பி வளையத்தில் நேரடியாக மின்னழுத்தம் தூண்டிக்கொண்டிருந்தது. சுவர் மின்சாரத்தின் இரைச்சலும் அதே 50 ஹெர்ட்ஸில் வந்து சேர்ந்தது.

எடுத்த நடவடிக்கை: திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரிடம் பழைய ஆம்ப்ளிஃபையர் பெட்டி ஒன்றை வாங்கி, 137 ஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். 50-க்கும் அதன் மடங்குகளுக்கும், குழல்விளக்கின் 100-க்கும் அது விலகி நிற்கிறது. அந்த அதிர்வெண்ணில் சுருளின் மறுப்பு சுமார் 10 ஓம், எட்டு ஓம் பெட்டிக்கு ஏற்ற சுமை. டையோடின் இரு கம்பிகளையும் முறுக்கி, டையோடைச் சுருளிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தார்கள். 30 விநாடி ஓட்டி ஐந்து நிமிடம் ஆறவிட்டார்கள். இல்லாவிட்டால் சுருளின் சூடு தண்டில் ஏறி, தகைவு மீண்டும் தலைகாட்டும். இரண்டாவது சரிபார்ப்பு: முனைவாக்கியை +45-லிருந்து −45-க்குத் திருப்பினால் ஃபாரடே குறியின் ஏற்றம் இறக்கமாக மாற வேண்டும், தூண்டலால் வரும் குறி மாறாது. இரு அளவுகளையும் கழித்துப் பாதியாக்கியபோது 3.8 விழுக்காடு. 274 ஹெர்ட்ஸில் சிறு குறி ஒன்றும் தெரிந்தது. மின்னோட்டத்தின் இருமடிக்கேற்பச் சுருள் அதிர்வதால் அது வருகிறது. தண்டின் தாங்கியைச் சுருளிலிருந்து பிரித்துவைத்ததும் அடங்கியது.

அட்டையை நீட்டிய அந்தச் சோதனைக்கும் ஒற்றை-இரட்டைச் சராசரிக்கும் இடையில் உள்ள உறவை மாணவிதான் முதலில் சொன்னார். இரண்டுமே, நாம் தேடுவது அங்கே இல்லாதபோது குறி என்ன சொல்லும் என்று கேட்கின்றன. அதன்பின் அவருடைய கணக்கில் "ஒளி இல்லை" என்ற தனி ஓட்டம் சேர்ந்தது: மேக்னான்-ஒளிப் பிணைப்பைச் சுழியாக்கி, அப்போதும் உணரி எத்தனை அறிவிப்பு தருகிறது என்று பார்ப்பது.

பொய் அறிவிப்புகள்

அந்த ஓட்டம்தான் அத்தியாயத்தை அடியோடு மாற்றியது. விநாடிக்கு 100 இருட்டு எண்ணிக்கை உள்ள உணரி, 100 நானோ நொடிச் சாளரத்தில் ஒரு லட்சத்தில் ஒரு தடவை ஒளியே இல்லாமல் அறிவிக்கும். மில்லிமீட்டர் அளவிலான யிக் கோளங்களில் ஒற்றைப் போட்டானுக்கும் ஒற்றை மேக்னானுக்கும் இடையிலான பிணைப்பாக 2016-இல் வெளியான அளவீடுகள் ஹெர்ட்ஸ் கணக்கில்தான். ஒளி ஒத்ததிர்வின் அகலம் ஒரு கிகாஹெர்ட்ஸ், லேசர் ஒரு மில்லிவாட், பிணைப்பு 10 ஹெர்ட்ஸ் என்று போட்டால், ஒரு மேக்னான் ஒரு துடிப்பில் போட்டானாக மாறும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2.7 டெசிபெல் நெருக்கலில் சராசரி மேக்னான் எண்ணிக்கையே 0.1. ஆக, உண்மை அறிவிப்பு கோடியில் ஒன்றுகூட வராது. ஆயிரம் அறிவிப்பில் பத்துக்கும் குறைவானவையே மெய். எஞ்சியவற்றில் கோளம் இன்னும் இரட்டைப்படை நிலையில்தான் இருக்கும். சராசரி +1-ஐ ஒட்டி நிற்கும்.

வரைவின் திட்டம் அப்படியே நடைமுறையில் நடக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை. மாணவி இதை மறைக்காமல் அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்தார். பிறகு கேள்வியைத் திருப்பினார்: எந்த நிபந்தனைகளில் நடக்கும்?

உண்மை அறிவிப்பு பத்தாயிரத்தில் ஒன்றாக வேண்டுமானால் பிணைப்பு சுமார் 40 மடங்கு கூட வேண்டும். மற்றவை மாறாதிருந்தால் பிணைப்பு பருமனின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். எனவே விட்டம் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காக, 85 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்க வேண்டும். அப்போதும் உள்ளே 10-இன் 15-ஆம் அடுக்கு என்ற அளவில் சுழல்கள் இருக்கும். அந்த நிபந்தனையில், ஒளிப்பாதை இழப்பைச் சேர்க்காமல், பொய் அறிவிப்பு 9 விழுக்காடு. ஆல்ஃபா 1 பூனையின் சராசரி 17-ஆம் நானோ நொடியில் −0.60, 50-இல் −0.29, சுழியைத் தொடுவது 110-க்குப் பதில் சுமார் 94-இல்.

கசிவுக்கு வழி: எதிரெதிரே வைத்த இரு ஆடிகளால் ஆன, 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள குழி வடிகட்டி ஒன்று, 10 கிகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்கும் லேசரை 46 டெசிபெல் குறைக்கும். இரண்டு வடிகட்டியும் 23 டெசிபெல் முனைவாக்கியும் சேர்ந்தால் 115, போதாது. மூன்று வடிகட்டி வைத்தால் 161. ஒவ்வொன்றும் 70 விழுக்காடு ஒளியைக் கடத்தினால் மூன்றைக் கடந்து மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. இழப்பு அறிவிப்புப் பாதையில் என்பதால் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

வெப்பமும் விலகவில்லை. 10 கிகாஹெர்ட்ஸ் மேக்னான் அறை வெப்பத்தில் சராசரி 625 இருக்கும், 1 கெல்வினில் 1.6, 0.1 கெல்வினில் 0.008. ஆகவே 0.1 கெல்வினுக்குக் கீழே இருந்தாக வேண்டும். அங்கே குளிர்கலனின் குளிர்விக்கும் திறன் மிகச் சிறியது, தொடர்ந்து எரியும் ஒரு மில்லிவாட்டில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டாலே கோளம் சூடேறும். 100 மைக்ரோ நொடிக்கு ஒரு துடிப்பு என்று வைத்தால் சராசரி ஒரு மைக்ரோவாட். விநாடிக்குப் பத்தாயிரம் முயற்சி. உண்மை அறிவிப்பு விநாடிக்கு ஒன்று, வடிகட்டிகளின் இழப்பையும் சேர்த்தால் மூன்று விநாடிக்கு ஒன்று.

ஒப்பிடுவதற்காக மைக்ரோவேவ் வழியில் நடந்ததையும் ஒரு பத்தி சேர்த்தார். மீக்கடத்திக் கியூபிட்டையும் (இரு நிலை கொண்ட குவாண்டம் மின்சுற்று) யிக் கோளத்தையும் ஒரே குழிக்குள் பிணைப்பது டோக்கியோவில் 2015-இல் நிகழ்ந்தது. 2020-இல் ஒற்றை மேக்னானை ஒரே தடவையில் கண்டறிந்தார்கள். 2023-இல் சீன ஆய்வுக் குழு ஒன்று ஒரு மில்லிமீட்டர் கோளத்தில் ஒற்றை மேக்னானையும், வெற்றுநிலையோடு அது மேற்பொருந்திய நிலையையும் உருவாக்கியது. அங்கே பிணைப்பு மெகாஹெர்ட்ஸ் கணக்கு. ஒளி வழி இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அந்த ஒப்பீடு மிகைப்படுத்தாமல் காட்டியது.

பின்விளைவு

திருத்திய அத்தியாயம் ஆறாவது வாரத்தில் மேற்பார்வையாளருக்குப் போனது. "உருவாகி நிலைக்கிறது" என்ற வாக்கியம் நீங்கி, "எந்த நிபந்தனைகளில் எதிர்மறை எஞ்சும்" என்ற தலைப்பு வந்தது. மேற்பார்வையாளர் கேட்டது ஒரே மாற்றம்: சராசரியோடு விக்னர் சார்பின் முழுப் படமும் வேண்டும். ஆய்வேடு சிறு திருத்தங்களோடு ஏற்கப்பட்டது.

இடையில் ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் போய் ஒன்பது மணி நேர ஓட்டம் பாதியில் அழிந்தது. அதன்பின் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் இடைநிலை விடையைக் கோப்பில் எழுதும்படி நிரல் மாறியது. மேகம் கறுத்தால் மேசைக் கருவிகளின் செருகியைப் பிடுங்குவது வழக்கமாயிற்று. முனைவாக்கிப் படலமும் தண்டும் இப்போது சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் இருக்கின்றன; முதல் மாதத்திலேயே தண்டின் ஒரு முகத்தில் பூஞ்சை படரத் தொடங்கியிருந்தது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

வரைபடம் போடுமுன், எந்த எண் வந்தால் கூற்று பொய் என்று ஒப்புக்கொள்வோம் என்பதை எழுதிவைத்திருக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் மேடுகள் முதல் நாளிலேயே தள்ளப்பட்டிருக்கும். பிணைப்பைச் சுழியாக்கும் ஓட்டமும் முதலில் வந்திருக்க வேண்டும். அதற்கு ஆன நேரம் நான்கு நிமிடம், அது கடைசியில் வந்ததால் போனது ஐந்து வாரம். மேசை வேலையில், சுருளைச் சுவர் மின்சாரத்தில் ஓட்டியதைத் தவிர்த்திருக்கலாம். 50 ஹெர்ட்ஸ் ஒரு காரணம், காப்பு இன்னொரு காரணம். மாணவர்கள் கைவைக்கும் மேசையில் அது கூடாது.

நெருக்கப்பட்ட தொடக்க நிலை தூயது என்றே கணக்கு இன்னும் எடுத்துக்கொள்கிறது. அதைத் திருத்த வேண்டும். வடிகட்டிகளின் நிலைப்பும் சேரவில்லை: சிலிக்கா இடைவெளியுள்ள குழி, ஒரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் நகரும், அதுவே அதன் முழு அகலம். மூன்று வடிகட்டிகளும் தனித்தனியே நகர்ந்தால் உண்மைப் போட்டானும் சேர்ந்து தடுக்கப்படும். ஒவ்வொன்றையும் 0.05 டிகிரிக்குள் பிடிக்க வேண்டும் என்ற மதிப்பீட்டோடு மாணவி அந்தப் பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.